கதவில் கட்டிய தெரு

முடிந்த வேலை எப்படி இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கதவுப் பலகை ஒன்று தரையில் தன் காலிலேயே நிற்கிறது. அதன்மேல் ராமநாதபுரம், கீழக்கரை, பாம்பன், ராமேஸ்வரம் தெருக்களிலும் கரையோரத்திலும் கேட்பாரற்றுக் கிடந்த அறுபது எழுபது சாமான்களை வலை நூலால் கட்டியிருக்கிறேன். பசை கிடையாது. புதுப் பெயிண்ட் ஒரு சொட்டுகூட இல்லை. ஒவ்வொரு சாமானும் புழக்கத்தில் இருந்த காலத்தில் மனித உடம்பின் எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில் இருக்கிறது. செருப்பு தரையோடு, சட்டுவம் இடுப்பளவில், மூக்குக்கண்ணாடிச் சட்டம் கண்ணுக்கு நேராக.

கதவு கீழக்கரையில் கிடைத்தது. அங்கே பழைய வீடுகளை இடித்துக் கட்டுவது நடந்துகொண்டே இருக்கிறது. நல்ல தேக்கு நிலையும் இழைத்த கதவும் பழைய மரக் கடைக்குப் போய்விடும். உளுத்தது, பிளந்தது, கீல் பிய்ந்தது மட்டும் சந்தின் ஓரத்தில் சாய்ந்து கிடக்கும். இதன் அடிப்பகுதி ஒரு சாண் அளவுக்கு மண் தின்றிருந்தது. வீட்டுக்காரக் காக்காவிடம் கேட்டேன். கீழக்கரை முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அம்மாவை உம்மா என்பார்கள். "எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி, அடுப்புக்குத்தான் போகும். ஆனா எங்க உம்மா கை வெச்ச எடம் அது, சுரண்டிப்புடாதீங்க" என்றார். அவர் காட்டிய இடத்தில், தாழ்ப்பாளுக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு மரம் வழவழவென்று கறுத்திருந்தது. எத்தனையோ வருடம் ஒரே கை அதே இடத்தைத் தள்ளியிருக்கிறது. இந்த வேலை எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னது அந்தக் கறுப்புதான். உப்பையும் அழுக்கையும் எடுக்கலாம், தேய்மானத்தைத் தொடக் கூடாது. தேய்மானம் என்பது ஒருவருடைய கையெழுத்து.

எதை எடுப்பது என்பதைவிட எதை எடுக்கக் கூடாது என்பதில்தான் நான் கண்டிப்பாக இருந்தேன். தெருவில் கிடப்பதெல்லாம் ஆளில்லாத பொருள் ஆகிவிடாது. செம்பு, பித்தளை, கனமான இரும்பு, முழு பாட்டில், அட்டை இவையெல்லாம் அதிகாலையில் சாக்கோடு வருகிறவர்களின் வருமானம். காயலான் கடையில் எடை போட்டால் காசாகும் எதையும் நான் தொடுவதில்லை. அவர்கள் புரட்டிப் பார்த்து வேண்டாம் என்று விட்டது போதும். கரையில் குவிந்து கிடக்கும் வலையைப் பார்த்தவுடன் கழித்துப் போட்டது என்று நினைத்துவிடவும் முடியாது. காய்வதற்காகப் போட்டிருப்பார்கள், அறுந்ததைப் பின்னிச் சரிசெய்ய வைத்திருப்பார்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் கேட்டுக்கொள்வேன், இல்லையென்றால் விட்டுவிடுவேன். ஈயக்குண்டு கிடைத்தால் வலைக்காரர்களிடமே கொடுத்துவிடுவேன். அதை உருக்கித் திரும்பப் பயன்படுத்துவார்கள். ஈயம் நஞ்சு என்பதால், குழந்தைகள் தொட்டுப் பார்க்கப் போகிற ஒரு பலகையில் அதற்கு இடமும் இல்லை.

பாம்பனில் தண்டவாளத்தை ஒட்டி இரும்புத் துண்டுகள் கண்ணில் படும். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலம் திறந்தார்கள். அந்த உப்புக்காற்றில் நூறு வருடம் நின்ற இரும்பு என்றால் யாருக்கும் கை பரபரக்கத்தான் செய்யும். ஆனால் அது ரயில்வே சொத்து. சிப்பி, சங்கு, பவளக்கல் எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பவளமோ 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்து ஒதுங்கியதாக இருந்தாலும் எடுத்து வரக் கூடாது. ஊசி, மருந்துக் குப்பி பக்கமும் போகவில்லை. தடித்த கையுறையும் நீளமான இடுக்கியும் இல்லாமல் இந்த வேலைக்குக் கிளம்பாதீர்கள்.

ராமேஸ்வரத்தில் அதிகமாகக் கிடப்பது துணி. அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்தவர்கள் உடுத்தியிருந்ததை அங்கேயே விட்டுப் போகிறார்கள். வடநாட்டுச் சேலை, காவி வேட்டி, பிள்ளைகளின் சட்டை என்று நிறத்துக்குக் குறைவில்லை. ஒரு பலகைக்கு அதைவிட நல்ல சரக்கு கிடைக்காது என்று நண்பர் ஒருவர் சொன்னார். நான் ஒரு நூல்கூட எடுக்கவில்லை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ திதி கொடுத்துவிட்டு ஒருவர் வேண்டுமென்றே கழற்றி விட்டுப்போன துணி அது. தவறிப்போய் விழுந்த பொருளும், தேய்ந்து தீர்ந்த பொருளும், துக்கத்தைக் கழிப்பதற்காக விட்ட பொருளும் எனக்கு ஒன்றல்ல. முதல் இரண்டை மட்டுமே எடுத்தேன்.

அப்படிச் சேர்ந்தவற்றில் சில: ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த ரப்பர் செருப்பு. சைக்கிள் பெடல் கட்டை. காது நூலால் கட்டப்பட்ட மூக்குக்கண்ணாடிச் சட்டம். புரோட்டாக் கடைக் குப்பையில் கிடந்த சட்டுவம், வலது மூலை மட்டும் தேய்ந்து சரிந்தது. சாவியில்லாத சிறு பூட்டு. பிளாஸ்டிக் வாளியின் பிடி. துடுப்பின் கைப்பிடித் துண்டு. படகுப் பலகையின் சில்லு, பச்சைக்கு மேல் நீலம், அதற்கு மேல் மறுபடி பச்சை. கேணிக்கரைப் பக்கம் சாக்கடை தூர்வாரிய மண்ணில் பழைய தண்ணீர் பாக்கெட் ஒன்று கிடைத்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. அந்த ஒரு பாக்கெட் அதே மண்ணில் கிடந்த மற்றவற்றுக்கும் தோராயமாக ஒரு வயது சொன்னது.

இனி சுத்தம் செய்தது. எங்கள் கரையில் இந்த வேலையின் பாதி உப்போடுதான்.

கடலோரம் கிடந்த இரும்பைத் தேய்த்து எண்ணெய் பூசி வைத்தால் மட்டும் போதாது. துருவுக்குள் புகுந்த உப்பின் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து உள்ளிருந்தே அரித்துக்கொண்டிருக்கும். சில வாரத்தில் பூச்சைத் தள்ளிக்கொண்டு செதில் செதிலாகக் கிளம்பும். அதனால் முதல் வேலை ஊற வைப்பது. வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி சலவைச் சோடா கரைத்து அதில் போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சோடாவின் காரம் புதுத் துரு பிடிக்காமல் தடுக்கும், உப்பும் மெல்ல வெளியே வரும். நம் மாவட்டத்தில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீரே உப்பு. அதில் ஊறப்போட்டு உப்பை எடுக்க முடியாது. தொடக்க அலசலுக்குக் குழாய்த் தண்ணீரும், கடைசிச் சுற்றுக்கு மழைத் தண்ணீரும் வைத்துக்கொண்டேன். மழை இல்லாத மாதத்தில் கேன் தண்ணீர். குடிக்கிற தண்ணீரை இதற்கு ஊற்ற மனது உறுத்தினால் சிறு சாமான்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். உப்பு போய்விட்டதா என்று பார்க்க வழி இருக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் வெள்ளி நைட்ரேட் கரைசலில் இரண்டு சொட்டு போதும். சோடா இல்லாத கடைசித் தண்ணீரில் அதை விட்டால், குளோரைடு இருக்கும்வரை பால்போல் வெண்மையாகக் கலங்கும். கலங்கல் தெரியாத அளவுக்கு வந்ததும் எடுத்து வெயிலில் நன்றாகக் காயவைத்தேன்.

அடுத்தது கடுக்காய். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கொட்டையை நீக்கி, இடித்து, லிட்டருக்கு 100 கிராம் கணக்கில் அரை மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிட்டு வடிகட்டிக்கொள்ளுங்கள். இரும்பின் மேல் உதிர்கிற துருவைக் கம்பித் தூரிகையால் தட்டிவிட்டு, ஒட்டியிருக்கும் துருவின் மேல் இந்தக் கஷாயத்தைச் சூடாகவே பூச வேண்டும். கடுக்காயில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் துருவோடு சேர்ந்து நீலம் கலந்த கறுப்பாகும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சும் பழைய எழுத்து மையில் நடப்பதும் இதே வினைதான். இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே நல்ல காய்ச்சல். பிறகு தேன்மெழுகு ஒரு பங்கு, டர்பன்டைன் மூன்று பங்கு. மெழுகை நேராக அடுப்பில் வைக்காமல் கொதிநீர்ச் சட்டிக்குள் கிண்ணம் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து, அந்த இடத்தை விட்டுத் தள்ளி வந்த பிறகே டர்பன்டைனைச் சேர்க்க வேண்டும். சீக்கிரம் தீப்பற்றும் சரக்கு அது. துணியில் தொட்டுத் தேய்த்தால் கறுப்புக்கு ஓர் ஆழம் வரும். கடையில் துருமாற்றி என்று டப்பாவில் விற்பதும் நல்ல சரக்குதான். ஆனால் அது பளபளப்பான ஒரு மேல்தோலைக் கொடுக்கிறது. கடுக்காய் இரும்பைப் பழையதாகவே விட்டு வைக்கிறது, அதனால் எனக்கு அதுதான் பிடித்தது.

படகுப் பலகையில் பெயிண்ட் அடுக்குகள் இருந்தால் உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தூள் மூக்கில் ஏறும். ஈரத் துணியால் துடைத்ததோடு விட்டேன். மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் குடித்த மரம் அது. புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

பிளாஸ்டிக்கை இனம் பிரிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். கயிறாகவும் மிதவையாகவும் கூடையாகவும் வருகிற பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் இரண்டும் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். நைலான் வலையின் அடர்த்தி 1.14, தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் 1.38 அளவில் வரும். இரண்டும் மூழ்கும். மூடி போட்ட காலி பாட்டில் மிதந்து கரை சேர்வது உள்ளே இருக்கும் காற்றால்தான். இதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது ஒன்று உறைத்தது. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றில் தென்கடலான மன்னார் வளைகுடாக் கரையிலும், வடகிழக்கு வாடையில் வடகடலான பாக் விரிகுடாக் கரையிலும் வந்து ஒதுங்கும் குப்பையைப் பார்த்து 'கடல் துப்பிவிட்டது' என்கிறோம். ஒதுங்குவது மிதப்பது மட்டுமே. அறுந்த நைலான் வலை பெரும்பாலும் அடியில், பாரிலும் (கடலடிப் பாறை) பாசியிலும் சிக்கிக் கிடந்து மீனையும் நண்டையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். கரையில் நாம் பார்ப்பது மேல்கணக்கு.

பசையை விட்டதற்குக் காரணமும் இந்தப் பிளாஸ்டிக்தான். பாலிஎத்திலீனில் எபாக்சிப் பசை பிடிக்காது, காய்ந்ததும் தோலாக உரிந்து வரும். மிதவையில் உள்ள தெர்மாகோலில் டின் பசையைத் தடவினால் அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலையே கரைத்துவிடும். வெயிலில் வெளுத்து நொறுங்குகிற நிலையில் இருப்பதைத் துளை போடவும் முடியாது. கானாவில் பிறந்து நைஜீரியாவில் வாழ்ந்து வேலை செய்த சிற்பி எல் அனட்சூயி, மதுபாட்டில் மூடிகளைத் தட்டி நெளித்துச் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோத்து, சுவர் அளவுக்குத் துணிபோல் தொங்கவிடுகிறார். ஒட்டாமல் கோப்பதால் ஒவ்வொரு மூடியும் மூடியாகவே மிஞ்சுகிறது. நம் ஊரில் கோப்பதற்குக் கம்பியைவிட நல்ல கைத்தொழில் வாசலிலேயே இருக்கிறது.

பாம்பனில் வலை முடிகிற பெரியவர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். ஊசியில் நூல் சுற்றுவது, கண்ணளவுக்கு மூங்கில் துண்டு பிடிப்பது, முடிச்சை விரலால் அழுத்தி இறுக்குவது எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது. "அப்பு, நைலான் வழுக்கும். ஒரு சுத்து போட்டுட்டு முடிஞ்சுதுன்னு எந்திரிச்சுப் போயிராத. ரெண்டு சுத்து போட்டு இழு. இழுத்த பெறகு நனைச்சு இன்னொருவாட்டி இழு" என்றார். பொருளின் உடம்புக்கேற்ற ஒரு சிறு வலைப்பையை அதன் மேலேயே பின்னி, பையின் நான்கு காதுகளையும் கதவில் போட்ட மெல்லிய துளைகள் வழியே பின்பக்கம் இழுத்துக் கட்டினேன். வெட்டிய நுனியைத் தீக்குச்சியால் தொட்டால் நைலான் உருகிக் குமிழாகும், முடிச்சு நழுவாது. துளை போட்டது கதவில் மட்டும், அதுவும் அந்தக் கை பட்ட கறுப்புக்கு வெளியே. கட்டிய பொருளைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார் பெரியவர். "மீனு வெலகாது" என்றார். அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தேவையில்லை.

அடுக்குவதில்தான் மூளை வலித்தது. கதவைத் தரையில் படுக்கவைத்து முதலில் நிறம் பார்த்து அடுக்கினேன். நீலம் ஒரு பக்கம், ஆரஞ்சு ஒரு பக்கம். அழகாக இருந்தது, ஆனால் எந்தப் பொருளும் பேசவில்லை. செருப்பு வெறும் நீலமாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு அடித்துவிடலாமா என்ற யோசனையும் வந்தது. சிற்பி லூயிஸ் நெவல்சன் நியூயார்க் தெருக்களில் பொறுக்கிய நாற்காலிக் கால், கைப்பிடிச் சட்டம், கட்டை எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக அடுக்கி ஒரே கறுப்பு அடித்தவர். 1958-ல் அவர் செய்த அப்படியொரு சுவர் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படங்களில் பார்த்தாலே மூச்சு நிற்கும். அந்தக் கறுப்பு துண்டுகளின் பழைய வாழ்க்கையை மூடி, வடிவத்தை மட்டும் விட்டு வைக்கிறது. அவருக்கு அது சரி. எனக்கு அந்தப் பழைய வாழ்க்கைதான் வேண்டியிருந்தது. மூடினால் காக்காவின் உம்மா கையும் சேர்ந்து மூடிவிடும்.

பிறகு இடம் பார்த்து அடுக்கினேன், வடகடலில் கிடைத்தது மேலே, தென்கடலில் கிடைத்தது கீழே என்று. வரைபடம்போல் ஆனது. அதை அறிய எனக்குப் பலகை தேவையில்லை.

கதவை நிமிர்த்தி வைத்தபோது விடை வந்தது. கதவு நிற்கிற பொருள். ஆள் உயரத்துக்காகச் செய்தது. கை பட்ட கறுப்பு என் நெஞ்சுக்கு நேராக வந்தது. அப்படியானால் மற்றவையும் தங்கள் உயரத்துக்கு வரட்டும் என்று ஒவ்வொன்றாகத் தூக்கி, அதைப் பயன்படுத்துகிற பாவனையில் கையை வைத்துப் பார்த்தேன். சட்டுவத்தைக் கல்லில் புரட்டுகிற உயரம் இடுப்பு. பெடல் கட்டை கணுக்காலுக்கு மேல். வாளிப் பிடி தொங்கும் கைக்கு நேராக, முழங்காலுக்குச் சற்று மேலே. துடுப்புத் துண்டை வைக்கப் படகில் உட்கார்ந்து வலிப்பதுபோல் உட்கார வேண்டியிருந்தது. பிள்ளைகளின் பொம்மை வண்டிச் சக்கரம் தரையிலிருந்து ஒரு முழம். சீப்பு தலைக்கு மேல். இப்படி வைத்ததும் கதவின் முன்னே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆள் நிற்பதுபோல் ஆயிற்று. அந்த ஆளைத் தெருவில் எல்லோரும் சேர்ந்து செய்திருக்கிறார்கள். சட்டுவத்தின் வலது மூலையைத் தேய்த்தவரும், செருப்பின் வெளிப்பக்கத்தைத் தேய்த்து நடந்தவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்கள்.

தெருவில் கிடப்பதை வைத்துச் செய்வது புதிதல்ல. 1950-களில் ஓவியர் ராபர்ட் ரோஷன்பெர்க் நியூயார்க்கில் தன் இருப்பிடத்தைச் சுற்றிக் கிடைத்த டயரையும் குடையையும் ஓவியத்தோடு சேர்த்தார். சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், புது நகரத்துக்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் ஓட்டையும் உடைந்த வளையலையும் சைக்கிளில் கொண்டுபோய் 1957 முதல் காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு உலகத்தைக் கட்டினார். 1976-ல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. அரசு இடத்தில் அனுமதியின்றிக் கட்டியதை இடிக்காமல் காப்பாற்றியது ஊர்தான். அவர் இடிபட்டவற்றை மனிதர்களாகவும் பறவைகளாகவும் மாற்றினார். நான் எதையும் எதுவாகவும் மாற்றவில்லை. செருப்பு செருப்பாகவே இருக்கட்டும், அதன் உயரம் மட்டும் திரும்பக் கிடைக்கட்டும் என்பதே நான் செய்தது.

பலகையை இப்போது பெரியவரின் வலைக் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறோம். மண் தின்ற அடிப்பகுதியை வெட்டவில்லை. இருபுறமும் வேலங்கட்டைக் கால் கொடுத்து, பின்னால் கல் வைத்துச் சாயாமல் செய்திருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் முதலில் தங்கள் உயரத்தை வைத்துப் பார்க்கிறார்கள். பிறகு என்னைத் திருத்துகிறார்கள். மீன் வாங்க வந்த அக்கா ஒருவர் பூட்டைக் காட்டி, "இது வீட்டுப் பூட்டில்ல தம்பி, டிரங்குப் பெட்டிப் பூட்டு. பெட்டி கட்டிலுக்கு அடியிலல்ல இருக்கும்? குனிஞ்சுதான் பூட்டணும். கீழ எறக்குங்க" என்றார். பூட்டு அன்றே முழங்காலுக்குக் கீழே போனது. முடிச்சுப் போட்டுக் கட்டியதன் லாபம் இது. அறுத்து, இறக்கி, மறுபடி கட்டலாம். சீப்பையும் ஒரு சிறுமி தன் உயரத்துக்கு இறக்கச் சொன்னாள், அம்மா தலை வாரிவிடும்போது தான் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, இறக்கிவிட்டோம்.

வாடை தொடங்கும் முன் இரும்புகளுக்கு இன்னொரு மெழுகுக் கை வைக்க வேண்டும். வெளிச்சம் படும் பக்கத்தில் இரண்டு வலைப்பைகளின் நூல் வெளுத்திருக்கிறது. அவற்றைப் பிரித்துக் கறுப்பு நூலில் பின்னப் போகிறேன். கறுப்பு வெயிலைக் கூடுதலாகத் தாங்கும் என்கிறார் பெரியவர். துடுப்புத் துண்டைக் கட்டிய இடம் மட்டும் அவருக்குத் திருப்தியில்லை. வலிப்பவர் உயரமா, பிடிப்பவர் உயரமா என்று அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.